காது கேளாத முயல்

முயல் மாமாவைக் கண்டித்து எழுத வேண்டிய புகார்க் கடிதம், முயல் மாமாவுக்கு வசனம் எழுதுகிறவரின் கையிலேயே வந்து சேர்ந்தது.

கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரிப்பேர் என்று கூட்டம் போட்டால் ஆறு பேர் வருவார்கள். அதிலும் இரண்டு பேர் வண்டி எடுக்க வந்து மாட்டிக்கொண்டவர்களாக இருப்பார்கள். அன்றைக்குப் பதினெட்டு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் அவ்வளவு முற்றியிருந்தது.

வசனகர்த்தாவின் எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். துணிக்கடையில் இருபது வருஷமாக விற்பனையாளர். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தவர்களை மூன்று பையோடு வெளியே அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவரை ஐந்து வயது மகள் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டாள்.

"நேத்து போன் கேட்டா. கிடையாதுன்னேன். உள்ளங்கையைக் காது மாதிரி தலைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு, 'காதுல விழலையே, இன்னொரு தடவை'ங்கிறா. மறுபடி சொன்னேன். மறுபடியும் விழலையாம். பதினோரு தடவை சொன்னேன். பன்னெண்டாவது தடவை போனைக் கொடுத்தேன். உடனே காது கேட்டுருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஒருவர் மகன் பல் டாக்டரிடமே காதில் விழவில்லை என்று சொல்லி, ஊசி போடாமல் திரும்பியிருந்தான். மேல்மாடி இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு காதாக நின்றுகொண்டு அம்மாவை மாறி மாறிக் கேட்கிறார்களாம். எல்லாப் பிள்ளைகளும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிவியில் முயல் மாமாவைப் பார்க்கிறவர்கள்.

வசனகர்த்தா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், முடிந்தவரை ஒல்லியாக உட்கார்ந்திருந்தார்.

அந்த வசனம் அவருடையதுதான். முயல் மாமா துணியால் செய்த பொம்மை. முழ நீளத்துக்கு இரண்டு காது, அதில் ஒன்று மடங்கித் தொங்கும். திரையைப் பார்த்து, 'இங்கே எத்தனை கேரட் இருக்கு?' என்று கேட்டுவிட்டு நான்கு விநாடி சும்மா இருக்கும். வீட்டில் இருக்கிற பிள்ளை பதில் சொல்வதற்கான நேரம் அது. பிள்ளை தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் டிவிக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பிள்ளையிடம் 'தப்பு' என்ற வார்த்தையைச் சொல்லவே கூடாது என்பது நிகழ்ச்சியின் சட்டம். அதற்கு வசனகர்த்தா ஒரு வழி கண்டுபிடித்தார். முயல் மாமா மடங்கிய காதை நிமிர்த்திக்கொண்டு, 'காதுல விழலையே, இன்னொரு தடவை' என்னும். சரியாகச் சொன்ன பிள்ளை சத்தமாகச் சொல்லும். தப்பாகச் சொன்ன பிள்ளை இன்னொரு தரம் எண்ணிப் பார்க்கும். யாருக்கும் மனக்குறை இல்லை. டிவி நிலையத்தில் அவரைக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அந்த வசனம் அப்பாக்களிடமும் அம்மாக்களிடமும் செல்லுபடியாகும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"அந்த வசனத்தை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா," என்று பின்வரிசையில் ஒருவர் பல்லுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க? முதல்ல லெட்டர் எழுதுவோம்," என்றார் முன்வரிசையிலிருந்து வீட்டுக்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அவர்தான் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. கட்டடத்தில் நான்கு வீடு அவருக்குச் சொந்தம். அதில் ஒன்றில்தான் வசனகர்த்தா குடியிருந்தார். முப்பது வருஷம் அச்சகம் நடத்திவிட்டு ஓய்வு எடுத்துக்கொண்டவர். ஒரு எழுத்துப் பிழைக்காக ஐயாயிரம் கல்யாணப் பத்திரிகையைத் திரும்ப அடித்துக் கொடுத்தவர் என்று சொல்வார்கள். அவர் கண் கூட்டத்தை ஒரு சுற்று சுற்றித் தூணில் வந்து நின்றது.

"தம்பி, நீங்க எழுதுற வேலைதானே பாக்குறீங்க?"

"ஆமாம்மா. மருந்துக் கம்பெனியில."

வீட்டுக்காரம்மா காதுப் பக்கம் கையைக் குவித்தார். "எங்கே?"

"மருந்துக் கம்பெனியிலம்மா. மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வைப்பாங்களே ஒரு சீட்டு, அது எழுதுறேன்."

வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, என்னமோ ஒண்ணு. நல்லாச் சுருக்குன்னு எழுதுங்க. கையெழுத்து நான் போடுறேன்," என்றார்.

பாவம், அச்சு மெஷின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்ற காது என்று வசனகர்த்தா நினைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்த அன்று அந்தக் காது நன்றாகத்தான் இருந்தது. வயசு என்றால் அப்படித்தான், திடுதிப்பென்று வேலையைக் காட்டிவிடும்.

வீடு பார்க்க வந்த அன்றுதான் அந்தப் பொய்யும் பிறந்தது. வீட்டுக்காரம்மா முன்பணம் பேசுவதற்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார்: டிவி, சினிமா, பாட்டுக் கச்சேரி என்று எந்த ஆளுக்கும் வீடு கிடையாது. முன்பு குடியிருந்த ஒரு மேளக்காரர் விடியற்காலையில் சாதகம் பண்ணிப் பண்ணி, கீழ்வீட்டுச் சுவரில் கீறலே விழுந்துவிட்டதாம். "நீங்க என்ன வேலை?" என்று கேட்டபோது வசனகர்த்தாவின் சட்டைப்பையில் தலைவலி மாத்திரை டப்பா இருந்தது. மீதியை அது பார்த்துக்கொண்டது. உலகத்தில் மருந்துச் சீட்டைவிடச் சத்தமில்லாத எழுத்து எதுவும் இல்லை. எழுதியவரைத் தவிர யாரும் படிப்பதும் இல்லை.

இரண்டு வருஷத்தில் அது நான்காவது வீடு. மனைவிக்கு ஏழாவது மாதம். போன தடவை வீடு மாறி வந்தபோது அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "இனி ஒரு தடவை சாமான் கட்டினா, என் சாமானை மட்டும்தான் கட்டுவேன்." வசனம் எழுதுகிறவருக்கு அதில் ஒரு வார்த்தை கூட மாற்றத் தோன்றவில்லை.

ஆகவே அவர் ஜாக்கிரதையாக இருந்தார். அடையாள அட்டையைக் கட்டடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே கழற்றிவிடுவார். வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அதையும் குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, முயல் மாமாவின் மூக்குக் குரலில் சொல்லிப் பார்ப்பார். அந்தக் குளியலறையின் சின்ன ஜன்னல், கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி இறங்கும் காற்றுவழியைப் பார்த்து இருந்தது. அதன் அடியில் தண்ணீர் மோட்டாரும் வாட்ச்மேனின் ஸ்டூலும் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புகாரை எழுத ஆரம்பித்தார். ஒப்புக்கு நான்கு வரி எழுதிவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஆனால் பேனா பிடித்த கைக்கு அரைகுறையாக எழுத வரவில்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்பதும் அவரைவிட யாருக்குத் தெரியும்?

'தங்கள் முயலுக்கு இரண்டு காதுகள்; இரண்டும் முழ நீளம். அப்படியிருந்தும் ஒன்றும் காதில் விழவில்லை என்றால், குறை முயலிடமா, அதற்கு எழுதிக்கொடுப்பவரிடமா?' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடியது.

மனைவி படித்துப் பார்த்தாள். "உங்க மேல நீங்களே மொட்டைக் கடுதாசி போடுறீங்களா?"

"மொட்டை இல்லை. கையெழுத்து வீட்டுக்காரம்மாவோடது."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. முயலுக்கு எழுதுறதைவிட இது நல்லா இருக்கு."

அவருக்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் நிலையத்தில் நிகழ்ச்சி மேலாளர் அவரைக் கூப்பிட்டார். மேலாளரின் மேசையில் பத்துப் பென்சில் கூராகச் சீவி வைத்திருக்கும். அவர் அவற்றால் எழுதுவதில்லை. எதிரில் இருப்பவரைச் சுட்டிக் காட்டுவார். அன்றைக்கு வசனகர்த்தாவின் சொந்தக் கடிதத்தை அவருக்கே வாசித்துக் காட்டினார். 'எழுதிக்கொடுப்பவரிடமா' என்ற இடம் வந்ததும் பென்சில் நிமிர்ந்தது.

"சும்மா சொல்லக் கூடாது, அந்த அம்மா நியாயமாத்தான் கேக்குறாங்க. பணிவா ஒரு பதில் எழுதிடுங்க. வசனத்தையும் மாத்திடுங்க."

பதில் பணிவாகப் போயிற்று. தங்கள் மேலான கடிதம் எங்களைச் சிந்திக்க வைத்தது, ஆவன செய்கிறோம் என்று. வசனமும் மாறியது. முயல் மாமா இனிமேல் காதை நிமிர்த்தாது. வேண்டாம் என்று யாராவது சொன்னால், 'ஏன்னு காரணம் சொல்லுங்க' என்று மரியாதையாகக் கேட்கும். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை அடம் பிடிக்காது என்று வசனகர்த்தா உண்மையாகவே நம்பினார். அவர் அதுவரை பிள்ளை வளர்த்ததில்லை.

பத்தே நாளில் மறுபடி கூட்டம். எதிர்வீட்டுக்காரரின் குரல் கம்மியிருந்தது.

"குளிக்க வான்னா காரணம் சொல்லுங்கிறா. அழுக்குன்னு சொன்னேன். அந்தக் காரணம் வேணாம், வேற காட்டுங்கிறா. நான் இருபது வருஷமா சேலை எடுத்துப் போட்டிருக்கேன் சார், இவ்வளவு மடிப்பை நான் பிரிச்சதே இல்லை. ஒம்பது காரணம் காட்டினேன். கடைசியில முதல்ல சொன்னதே பரவாயில்லைன்னுட்டு, குளிக்காமப் போயிட்டா."

நிலையத்திலிருந்து வந்த பதிலை வீட்டுக்காரம்மா உரக்க வாசித்தார். கூட்டம் முகம் சுளித்தது. இதை எழுதினவன் வழவழா கொழகொழா ஆசாமி என்றார் ஒருவர். ஒரு வரியில் கூட முதுகெலும்பு இல்லை என்றார் இன்னொருவர். வசனகர்த்தாவும் தலையை ஆட்ட வேண்டியிருந்தது. ஆட்டாமல் இருந்தது அவர் ஒருவர்தான் என்பதைக் கவனித்துவிட்டு, மற்றவர்களைவிட இரண்டு ஆட்டு அதிகமாகவே ஆட்டினார்.

"தம்பி, போன தடவை அருமையா எழுதினீங்க," என்றார் வீட்டுக்காரம்மா. "இந்த டிவிக்காரங்க விஷயமெல்லாம் எப்படி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க?"

"பொதுவா எல்லாருக்கும் தெரியிறதுதாம்மா."

வீட்டுக்காரம்மாவின் கை காதுக்குப் போயிற்று. "என்ன சொன்னீங்க?"

"பொதுவாத் தெரிஞ்சதுதான்னேன்."

அவர் காத்திருந்தார். வசனகர்த்தா மூன்றாம் தடவையும் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. வீட்டுக்காரம்மா பெருமூச்சு விட்டு, காகிதத்தை நீட்டினார்.

இரண்டாவது கடிதம் முதலாவதைவிடக் காரமாக அமைந்தது. 'தங்கள் பதிலை எழுதியவர் இதுவரை ஒரு பிள்ளையையும் வளர்த்தவராகத் தெரியவில்லை' என்று ஒரு வரி. மனைவி அதில் விரலை வைத்து, "இன்னும் மூணு மாசம்தான். அப்புறம் இந்த வரி பொய்யாயிடும்," என்றாள்.

மேலாளர் இந்தத் தடவை பென்சிலை எடுக்கவே இல்லை. கடிதத்தின் நகல் மேலிடம் வரை போயிருந்தது. அங்கே சிரித்துச் சிரித்துப் படித்தார்களாம். மேலிடம் சிரித்தால் கீழே யாராவது அழ வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு வார அவகாசம் கொடுத்தார்.

வசனகர்த்தா யோசித்துப் பார்த்தார். பிள்ளைகள் விடாப்பிடியாக இருப்பதுதானே பிரச்சினை? அப்படியானால் விட்டுக்கொடுக்கக் கற்றுத்தந்துவிடலாம். அடுத்த வாரத்திலிருந்து முயல் மாமா, கேட்டது கிடைக்காவிட்டால் இரண்டு கையையும் உதறி, 'சரி, விட்டாச்சு' என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி நடந்து போயிற்று. மேலாளருக்கே பிடித்திருந்தது.

பிள்ளைகளுக்கு இன்னும் பிடித்திருந்தது. போனையும் ஐஸ்கிரீமையும் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுக் குட்டி தலையில் சோப்பு நுரையோடு, 'சரி, விட்டாச்சு' என்று குளியலறையிலிருந்து வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். மேல்மாடி இரட்டையர்கள் வீட்டுப்பாடத்தில் கூட்டல் குறி வரை எழுதிவிட்டு, விடையை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட வேன் வரும்போது படிக்கட்டில் புத்தகப்பை கிடக்கும், பிள்ளை இருக்காது. அல்லது பிள்ளை இருக்கும், ஒரு காலில்தான் ஷூ இருக்கும். மற்ற ஷூக்களை வாட்ச்மேன் பொறுக்கி, ஸ்டூல் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்தார். இடது கால் ஷூ மட்டும் விற்கிற கடை மாதிரி இருந்தது.

மூன்றாவது கடிதத்தை எழுதும்போது வசனகர்த்தாவுக்குக் கை ஓடிப் பழகிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

"இந்த இடத்தைப் பாருங்க," என்றார் மேலாளர், மறு வாரம். கடிதத்தில் ஒரு பத்தியைப் பென்சிலால் தொட்டார். "முயல் பாதி வாசலைப் பெருக்கிட்டு, துடைப்பத்தைப் போட்டுட்டு, 'சரி, விட்டாச்சு'ன்னு போகுதாம். இதைப் பாத்துட்டு எங்க வீட்டு வேலைக்காரப் பெண்ணே அப்படிப் போயிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க."

"ஆமா சார்."

"அந்த சீன் ஒளிபரப்பாகவே இல்லையே. நேரம் பத்தலைன்னு நான்தானே வெட்டச் சொன்னேன்?"

வசனகர்த்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதுகிறவருக்குத் தன் சீன் எல்லாமே நடந்ததுதான். வெட்டியதை அவர் மனசு இன்னும் வெட்டவில்லை.

"ஒரு ஊகமா எழுதியிருப்பாங்க சார்," என்றார்.

"துடைப்பத்தோட நிறம் பச்சைன்னு ஊகிக்கிறாங்களா? நம்ம ஆள் யாரோ உள்ளே இருந்து சொல்லிக் கொடுக்குறான். அது யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன். நீங்க அதுக்குள்ள அந்த முயலோட வாயை மூடுங்க."

வசனகர்த்தா பதறிப்போயிருந்தார். ஆகவே சொன்னதை அப்படியே செய்தார். அந்த வாரம் முயல் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, யார் கடைசிவரை பேசாமல் இருக்கிறார்கள் பார்ப்போம் என்று சைகையாலேயே போட்டி வைத்தது. வசனம் இல்லாவிட்டால் வம்பும் இல்லை என்று அவர் எண்ணினார்.

மறுநாள் காலையில் கட்டடம் அமைதியாக இருந்தது. பத்து மணி வரைக்கும் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. அப்புறம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. வருகைப் பதிவு எடுத்தபோது ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை கூட வாயைத் திறக்கவில்லையாம். முப்பத்திரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்திருக்க, முப்பத்திரண்டு பேரும் வரவில்லை என்று டீச்சர் எழுத வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். 'ஆ' சொல்லும்மா என்றார் டாக்டர். குட்டி உதட்டில் விரலை வைத்தாள். டாக்டர் மருந்து எழுதவில்லை. தன் வீட்டிலும் ஒன்று காலையிலிருந்து இப்படித்தான் இருக்கிறது, உங்களுக்கு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்று அவளிடமே கேட்டார்.

இந்தத் தடவை கடிதம் எழுதச் சொல்லவில்லை. நிலையமே வீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணி நேரில் பேச அழைத்திருந்தது.

"நீங்களும் கூட வாங்க தம்பி. எழுதினது நீங்கதானே," என்றார் வீட்டுக்காரம்மா.

வசனகர்த்தா தன் கம்பெனியில் இருமல் மருந்துச் சீட்டு அவசரமாக இருக்கிறது என்றார். அதே நாள் காலை மேலாளருக்குப் போன் போட்டு, இருமல் தாங்கவில்லை, இன்றைக்கு வர முடியாது என்றார். பிறகு வீட்டில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் வீடு. இரண்டும் அப்போது ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தன.

"எதுக்கும் அட்டைப் பெட்டி ரெண்டு மூணு வாங்கி வச்சுக்கவா?" என்று கேட்டாள் மனைவி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டார்.

"இருமல் எப்படி இருக்கு? சரி, விஷயத்துக்கு வரேன். உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நாங்க புதுப்பிக்கலை. அந்த அம்மாவையே முயலுக்கு எழுதச் சொல்லியாச்சு. குழந்தைங்க மனசும் தெரியுது, முயலோட மனசும் தெரியுது, அப்படி ஒரு எழுத்து. மேலிடத்துலயும் சரின்னுட்டாங்க."

வசனகர்த்தா எழுந்து நின்றார். "சார், அந்தக் கடிதமெல்லாம் எழுதினது நான்தான்."

மறுமுனையில் பென்சில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ளாள் நீங்கதானா. பதில் எழுதினதும் நீங்கதானே?"

"ஆமா சார்."

"அப்போ அந்தச் சண்டையில தோத்ததும் நீங்கதான். எப்படிப் பாத்தாலும் எனக்கு அந்த அம்மா போதும்," என்று வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரம்மா ஆள் அனுப்பினார். வசனகர்த்தா படியேறிப் போகும்போது, தன் மீது தானே எழுதிய மூன்று கடிதங்களையும் வரிசையாக நினைத்துப் பார்த்தார். மேலாளர் அந்த அம்மாவிடம் தன் பெயரைச் சொல்லியிருந்தால் வீடும் போயிற்று. அட்டைப் பெட்டி எந்தக் கடையில் மலிவு என்று கூட யோசித்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேசையில் நிலையத்தின் கடிதம். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"உக்காருங்க தம்பி. அந்த முயலுக்கு எழுதுற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. எனக்கு அச்சடிக்கத் தெரியும், எழுத வருமா? ஆனா முடியாதுன்னு சொல்லலை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் எழுத ஆள் வச்சுக்குவேன், அது யாருன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு. அந்தப் பென்சில்காரர் ரொம்ப இழுத்தார். நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்தேன். கூப்பிட்டுச் சரின்னுட்டார்."

கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சம்பளம் உங்களுக்கு. பேரு மட்டும் என்னோடது. குழந்தை வேற வரப்போகுது, கையில ரெண்டு வேலை இருந்தா நல்லதுதானே. மருந்துச் சீட்டு அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்."

வசனகர்த்தா கடிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். தன் வேலையைத் தானே பறித்து, தன்னிடமே திரும்ப வாங்கிக்கொள்வது எந்தத் தொழிலிலும் அவர் கேள்விப்படாதது.

"முயல் என்ன பேசணும்மா?"

"முதல்ல இருந்த வசனத்தையே கொண்டு வாங்க. அதை மாத்தின பிறகுதான் எல்லாம் கெட்டுது. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாம, இன்னொரு தடவை சொல்லுன்னு கேக்குறதுல ஒரு மரியாதை இருக்கு. பெத்தவங்க வேணும்னா கொஞ்சம் உறுதியா நிக்கட்டும். அதுக்கு முயல் என்ன பண்ணும்?"

பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அது சரி தம்பி, இந்த மாதிரி வேலை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. பிறக்கப்போகிற பிள்ளையும் அட்டைப் பெட்டியும் குறுக்கே வந்து நின்றன.

"இல்லம்மா. மருந்துச் சீட்டு மட்டும்தான்."

வீட்டுக்காரம்மாவின் கை காதுப் பக்கம் குவிந்தது. "சரியா விழலை தம்பி."

தொழில் பழக்கம், வசனகர்த்தா மனதுக்குள் எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வீட்டுக்காரம்மா இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

"மருந்துச் சீட்டு மட்டும்தாம்மா," என்றார் அவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

வீட்டுக்காரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, போய் எழுதுங்க. வியாழக்கிழமை வேணுமாம்."

வசனகர்த்தா கீழே இறங்கி வந்தார். மனசு பஞ்சாக இருந்தது. வேலையும் தப்பித்தது, வீடும் தப்பித்தது, முயலும் தப்பித்தது. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கால் ஷூ ஒன்றின் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார். நல்ல மனசுக்காரியான அந்த அம்மாவுக்குத் தன்னாலும் ஒரு உபகாரம் ஆகட்டும் என்று வசனகர்த்தாவுக்குத் தோன்றியது.

"அம்மாவை ஒரு நல்ல காது டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்கப்பா. பாவம், நாளுக்கு நாள் மோசமாயிட்டு வருது. எதையும் மூணு தடவை சொல்ல வேண்டியிருக்கு."

வாட்ச்மேன் தலை நிமிராமல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அவங்க காதுக்கு என்ன சார், நீங்க குளிக்கிறப்ப முயல் பேசுறதை எனக்கு முன்னாடி கேட்டவங்களே அவங்கதான்; தப்பான பதில் சொன்னா மட்டும்தான் காதுல விழாது."